நாலாம் பாத்தியில் சிரிப்பு வாயு

புதன்கிழமை, காலை எட்டரை மணி. நாலாம் பாத்தி செத்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால்கூட இன்ஸ்பெக்டருக்குப் புரிந்திருக்கும். அது அளவுக்கு மீறி மூச்சு விடுகிறது என்றார்கள்.

"மறுபடி சொல்லுங்க. செத்தது யாரு?"

"யாரும் சாகல மேடம். விஷம் வெச்சிருக்காங்க."

"யாருக்கு?"

"மண்ணுக்கு."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். கோழித் திருட்டிலிருந்து கொலை வரை பார்த்தாகிவிட்டது. மண்ணுக்கு விஷம் வைத்ததாகப் புகார் வந்தது இதுதான் முதல் தடவை. அவர் அங்கே வந்ததே அதற்காக இல்லை. ஒரு மனுஷனை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று போன் வந்ததால் வந்தார்.

பூட்டியவர் எதிரிலேயே நின்றார். நிலத்துக்குச் சொந்தக்காரர். மண் விஞ்ஞானி ஒருத்தி அந்த நிலத்தில் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள்; அவளுடைய அக்கா புருஷன். அவள் 'அத்தான்' என்று கூப்பிடப்போய் வேலைக்கு வருகிறவர்கள், பால்காரர் என்று ஊரே அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு 'சார்' என்றார்.

"எதுக்கு சார் அந்த ஆளைப் பூட்டினீங்க?"

"அவன்தான் மேடம் வெச்சது. ஒரே நாள்ல நாலாம் பாத்தியில கேஸ் நாப்பது மடங்கு ஏறிடுச்சு."

"ஸ்டேஷன்லயும் அப்படித்தான் ஏறுது. அதுக்காக யாரையாவது பிடிச்சுப் பூட்டிட முடியுமா? சாவியைக் கொடுங்க."

சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கான்ஸ்டபிள் வெளிப்பூட்டைத் திறந்தார், கதவு அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஐயா, வெளிய வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

காற்றுப்போக்கிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அந்த வட்டாரத்தில் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுபவர் அவர். "வர மாட்டேன். பூட்டினவர் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் வர்றேன்."

"கேக்க மாட்டேன்," என்றார் அத்தான்.

"அப்ப நானும் வர மாட்டேன். விடிஞ்சதுலேர்ந்து என்னை அடைச்சு வெச்சதுக்குக் கேஸ் போடுங்க மேடம். உள்ள இருந்தே கையெழுத்துப் போடுறேன்."

ஆக, திறந்து கிடக்கும் அறைக்குள் ஒரு ஆள் தானாகவே அடைபட்டுக் கிடந்தார். இன்ஸ்பெக்டருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

* * *

ஒன்பது மணி. கருவிக் கொட்டகை.

மண் விஞ்ஞானிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் 'மண் டாக்டர்' என்று பெயர். இரவெல்லாம் தூங்காத கண்ணோடு திரையைக் காட்டினாள். மக்காச்சோளம் போட்ட எட்டுப் பாத்திகள். நாலில் பழைய முறை: ஆழ உழவு, வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேக்குவது, யூரியாவை மொத்தமாகக் கொட்டுவது. மற்ற நாலில் அவளுடைய முறை: உழவு கிடையாது, போன பயிரின் தாள் அப்படியே மண்மேல் போர்வையாகக் கிடக்கும், சொட்டுக் குழாய், யூரியா கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். அவை நேரத்துக்கு நேரம் தானாக மூடித் திறக்கும். மூடியிருக்கும்போது மண்ணிலிருந்து வரும் காற்றைக் குழாய் வழியாக இந்தக் கொட்டகைக்கு இழுத்து அளக்கும்.

"என்ன காத்து?"

"நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பு வாயுன்னு சொல்வாங்க."

"இங்க யாரும் சிரிக்கிற மாதிரி தெரியலையே."

மண் டாக்டர் சிரிக்கவில்லை. "கரியமில வாயுவைவிட கிட்டத்தட்ட முந்நூறு மடங்கு பூமியைச் சூடாக்கும் மேடம். பாசன நிலத்துல உரமும் தண்ணியும் சேர்ந்தா மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் இதை வெளியே விடும். என் முறையில அது பாதிக்கும் கீழே குறையுது. மூணு வருஷமா அளந்திருக்கேன். இன்னிக்கு மூணு மணிக்குப் பாசனச் சங்கக் குழு வருது. கால்வாய் நிலம் முழுக்க இந்த முறைக்கு மாறலாமா வேணாமான்னு முடிவு பண்ணப்போறாங்க. அவங்க பார்க்கப்போறது என் முறையில இருக்கிற நாலாம் பாத்தி. நேத்து விடியற்காலை அது பழைய முறைப் பாத்தியையே தாண்டிப் போயிடுச்சு."

"மெஷின் கோளாறு?"

மூலையிலிருந்து பதில் வந்தது. "நானும் அதைத்தான் சொன்னேன்." பெட்டிகளைப் பராமரிக்கும் நடுத்தர வயது ஆள். எப்போதும் கையில் ஒரு பெட்டி மூடியோடு திரிவதால் 'மூடி' என்று பெயர். அவர் முகத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. "பாதையோரப் பெட்டிதான் எகிறுது. அதே பாத்தியில உள்ள தள்ளி இருக்கிற ரெண்டாவது பெட்டி சமத்தா இருக்கு. பாதையோரப் பெட்டி பழுதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது. யாரு வந்து பார்க்கப்போறா?"

"சோதிச்சுப் பார்த்தோமே. பழுதில்லையே," என்றாள் மண் டாக்டர்.

"இல்லதான். சொல்லலாம்னுதான் சொல்றேன்."

"பழுதில்லாததைப் பழுதுன்னு சொன்னா, மூணு வருஷம் அளந்ததும் அதே லட்சணம்னு ஆகிடும்." அவள் திரையைத் தட்டிக் காட்டினாள். "யாரோ யூரியாவைக் கொட்டியிருக்காங்க மேடம். வேற வழியே இல்ல. பாத்தியைக் கெடுக்கணும்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. புருஷன். வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, புது சிலிண்டர் எங்கே என்றார்.

"இங்க நாப்பது மடங்கு இருக்கு, வந்து பிடிச்சுக்கோங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

* * *

பத்து மணி. அத்தான் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு விசாரணை. தொட்டிச் செடிகள் வரிசையாக வாடிக் கிடந்தன. மண் டாக்டரின் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். தைல வாசனை அடித்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இடுப்புப் பிடிச்சிருக்கு மேடம். சர்க்கரை போதுமா பாருங்க."

"செடியெல்லாம் காய்ஞ்சு கிடக்கே, ஏன்?"

"மோட்டார் ரிப்பேர். பத்து நாளா தண்ணியே இல்ல. வீட்டுத் தொட்டியில இருந்ததை வெச்சுத்தான் சமாளிச்சோம். திங்கக்கிழமை ராத்திரிதான் சரியாச்சு."

மூடி முதலில் வந்தார்.

"திங்கக்கிழமை ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கொட்டகையில. குழாய் மாட்டிட்டு அங்கேயே படுத்துட்டேன்."

"சாட்சி?"

"கொசு."

"இந்த ஆராய்ச்சி முடிஞ்சா உங்க வேலை?"

அவர் மூடியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார். "அதுவும் முடியும்."

"கெட்டுப்போனா?"

"இன்னும் ஒரு வருஷம் நீளும்." கொஞ்சம் யோசித்தார். "அப்படிப் பார்த்தா நான்தான் செஞ்சிருக்கணும், இல்ல?"

"செஞ்சீங்களா?"

"இல்ல. செஞ்சா அந்தப் பெட்டிகளை நான்தானே கழுவணும்?"

அடுத்தது அத்தான். மோட்டார் மெக்கானிக்கோடு இரவு பத்து வரை இருந்தாராம். மோட்டார் ஓடியதும் எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் திறந்துவிட்டு வந்து படுத்தாராம்.

"நிலத்தை மூணு வருஷமா மச்சினிக்கு விட்டிருக்கீங்க. மனசுல வருத்தம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லாம? என் நிலத்துல நான் கால் வைக்க மூடிகிட்ட அனுமதி கேக்கணும். ஆனா அதுக்காக அவ பிழைப்புல மண்ணைப் போடுவேனா?"

"மண்ணு இல்ல சார், யூரியா."

"எதா இருந்தாலும். அவன்தான் மேடம் போட்டிருக்கான். திங்கக்கிழமை சாயந்திரம் நாலாம் பாத்தி ஓரமா நின்னதை நானே பார்த்தேன். உழவே வேணாம்னு என் மச்சினி சொன்னதுலேர்ந்து அவனுக்கு வயித்தெரிச்சல்."

டிராக்டர்காரரை மோட்டார் ரூமுக்கே போய் விசாரிக்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு கல்மேல் ஏறி நின்று காற்றுப்போக்கி வழியாகப் பேசினார். கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலாம் பாத்தி ஓரமா எதுக்கு நின்னீங்க?"

"பார்த்தேன்."

"என்னத்தை?"

"பயிரை. போன வாரம் அந்த வழியாப் போறப்ப மஞ்சளா நின்னுச்சு. அந்த வீட்டம்மாகிட்டயே சொன்னேன், உங்க தங்கச்சி பயிரைப் பட்டினி போடுறாளேன்னு. திங்கக்கிழமை பார்த்தா நல்லா இருந்துச்சு. சரி, நம்ம வாய்தான் பொய்யாப் போச்சுன்னு நின்னு பார்த்தேன். அதுக்கா என்னைப் பிடிச்சு அடைப்பாங்க?"

"உங்களுக்குக் கோபம் உண்டுதானே?"

"உண்டு. உழவு வேணாம்னா என் டிராக்டரைக் கண்காட்சியில வைக்கிறதா? நேருக்கு நேராத் திட்டியிருக்கேன். ராத்திரியில வந்து திருட்டுத்தனம் பண்ற பழக்கம் எனக்கு இல்ல."

பதினோரு மணிக்கு அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டார். நாலாம் பாத்திக்கு யாராவது விஷம் வைத்ததைப் பார்த்தீர்களா?

"சத்தியமா இல்ல மேடம். பார்த்திருந்தா கையை ஒடிச்சிருப்பேன்."

அவள் கண் நேராக இருந்தது. பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவர் இன்ஸ்பெக்டர். இவள் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து ஒருவர்கூடப் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

* * *

பன்னிரண்டரை. போன் மறுபடி அடித்தது. கொட்டகைப் பக்கம் சிக்னல் சரியாக எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் போனைத் தூக்கிப் பிடித்தபடி பாதையில் நடந்து, நாலாம் பாத்திக்குள் கால் வைத்தார். ஷூ சேற்றில் இறங்கியது. புருஷன் சிலிண்டரைக் கண்டுபிடித்துவிட்டாராம். இப்போது ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திருப்புவது என்றார். "இடது... இல்ல, இருங்க," என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலு எட்டு உள்ளே போனார்.

அங்கே நின்றுவிட்டார்.

பாதையோரம் முழங்கால் உயர மக்காச்சோளம் கரும்பச்சையில் நின்றது. உள்ளே போகப் போக அந்தப் பச்சை, துவைக்கத் துவைக்கச் சாயம் போன துணிபோல வெளுத்துக்கொண்டே வந்தது. நாலைந்து வரிசை தாண்டினால் வெளிர் மஞ்சள். பாதையில் நின்று பார்க்கிறவனுக்குப் பச்சைதான் தெரியும்.

குனிந்து பார்த்தார். மண்ணின்மேல் பழைய தாள் போர்வையாகக் கிடந்தது. பச்சையாக நின்ற வரிசைகளில் மட்டும், ஒவ்வொரு செடியின் காலடியிலும் அதை ஒதுக்கி, மறுபடி பதமாக மூடிவிட்டிருந்தார்கள். அடியில் மண் லேசாகக் குழிந்திருந்தது, சொம்பால் தண்ணீர் ஊற்றின மாதிரி.

"ஹலோ? எந்தப் பக்கம்?" என்றது போன்.

"அப்புறம் பேசுறேன். வெளிய வாங்கிச் சாப்பிடுங்க."

கொட்டகைக்கு நேராகப் போனார். மண் டாக்டர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. யூரியா போட்ட உடனே இந்த வாயு வந்துடுமா?"

"உடனே வராது. யூரியா மண்ணுல மாறணும், அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். அதுக்கப்புறம் நல்லாத் தண்ணி கிடைச்சா குபுக்குனு வரும்."

"பயிர் எத்தனை நாள்ல பச்சையாகும்?"

"ஈரம் இருந்தா அஞ்சாறு நாள்..." அவள் அப்படியே நிறுத்தினாள். "பயிர் பச்சையா இருக்கா?"

"நீங்க பார்க்கலையா?"

அவள் இரண்டு நாளாகத் திரையை மட்டுமே பார்த்திருந்தாள்.

* * *

ஒன்றரை மணி. டிராக்டர்காரர் வெளியே வரமாட்டார் என்பதால் எல்லாரும் மோட்டார் ரூம் வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று.

"காலையில இருந்து எல்லாரையும், திங்கக்கிழமை ராத்திரி எங்க இருந்தீங்கன்னு கேட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "தப்பான கேள்வி. திங்கக்கிழமை ராத்திரி வந்தது தண்ணி மட்டும்தான். அதைத் திறந்துவிட்டது சார். யூரியா அதுக்கும் அஞ்சாறு நாள் முன்னாடியே மண்ணுக்குள்ள போயிடுச்சு. திங்கக்கிழமை சாயந்திரமே பயிர் நல்லா இருந்துச்சுன்னு உள்ள இருக்கிற ஐயா சொன்னார். ஒரு ராத்திரியில பயிர் நிறம் மாறாது."

"நான் அப்பவே சொன்னேன்," என்றது காற்றுப்போக்கி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. முன்னாடியே போட்டிருந்தாலும் நீங்களே போட்டிருக்கலாமே. பாதையில நின்னு கையால வீசினா ஓரத்துலதான் விழும். ஆனா போன வாரம் மோட்டார் ஓடல. சொட்டுக் குழாய் காஞ்சு கிடந்துச்சு. தண்ணி இல்லாம யூரியா மேலாகவே கிடந்திருக்கும், பயிர் பச்சையாகி இருக்காது. அப்ப யாரோ கையால தண்ணி ஊத்தியிருக்காங்க. ஒவ்வொரு செடிக்கும். தாளை ஒதுக்கி, வேர்ல வெச்சு, தண்ணி விட்டு, மறுபடி மூடி. கெடுக்கணும்னு வர்றவன் குடம் தூக்கிட்டு வருவானா?"

இன்ஸ்பெக்டர் வீட்டு வாசல் பக்கம் கை காட்டினார்.

"அதுவும் பத்து நாளாத் தண்ணி இல்லாத வீட்டுல. வாசல்ல வளர்க்கிற செடியைக் காய விட்டுட்டு, தொட்டித் தண்ணியை இங்க கொண்டுவந்து ஊத்தியிருக்காங்க. கை ஓய்ஞ்ச இடத்தோட நிறுத்தியிருக்காங்க. அதனாலதான் உள்ள இருக்கிற பெட்டி சமத்தா இருக்கு." இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்தது. "இடுப்புப் பிடிப்பு எப்படி வந்துச்சும்மா?"

அக்கா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுவா விஷம்?" என்றாள். "உரம்தானே போட்டேன்."

"அக்கா."

"பயிர் மஞ்சளா நின்னுச்சுடி. டிராக்டர்காரர் வேற ரோட்டுல நிறுத்தி வெச்சு, பட்டினி போடுறாளேங்கிறார். பெரிய ஆளுங்க வரப்போறாங்க, பாதையில நின்னுதான் பார்ப்பாங்க. உன் மானம் போகக் கூடாதேன்னு... மருந்து கிருந்து எதையோ ஊத்திட்டாங்கன்னுதான் நானும் நினைச்சேன். இது அதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாம எல்லாரும் விஷம் யார் வெச்சதுன்னு கேட்டோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சோறு யார் போட்டதுன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா காலையில எட்டரைக்கே சொல்லியிருப்பாங்க."

மண் டாக்டர் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தியைத் தொடாதீங்கன்னு மூணு வருஷமாச் சொல்றேனே அக்கா."

"தொடாதேன்னு சொன்னே. எதுக்குன்னு சொன்னியா? என் வீட்டுல சாப்பிட்டு, என் வீட்டுல தூங்கி, மூணு வருஷமா அந்தக் கண்ணாடிப் பெட்டியில என்னத்தை அளக்குறேன்னு ஒரு நாள் உட்கார வெச்சுச் சொல்லியிருக்கியா? மஞ்சளா இருந்தா கம்மியா விளையும்னுதான் எனக்குத் தெரியும்."

"கம்மியா விளையாது. தண்ணி வந்திருந்தா ரெண்டு வாரத்துல தானா பச்சையாகியிருக்கும். அடுத்த தவணை உரம் சொட்டுக் குழாய்ல போகும்."

"அதைச் சொல்லியிருந்தா எனக்கு இடுப்பாவது மிஞ்சியிருக்கும்."

தங்கை எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறினாள். ஆனால் அங்கேயே நின்றாள்.

அத்தான் மோட்டார் ரூம் கதவருகே போய்த் தொண்டையைச் செருமினார்.

"தப்புதான்," என்றார் கதவிடம்.

"கேக்கல," என்றது கதவு.

"தப்பு என் மேலதான், வெளிய வாங்க."

தாழ் திறந்தது. டிராக்டர்காரர் வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். "டீ கிடைக்குமா?" என்றார் அக்காவிடம்.

* * *

மூன்று மணி. பாசனச் சங்கக் குழு இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியது. இன்ஸ்பெக்டர் அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் மண் டாக்டர் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு பெட்டிகளின் கோடுகளையும் காட்டினாள். ஒரே பாத்தி, ஒரே பயிர், ஒரே குழாயில் வந்த தண்ணீர்; ஓரத்தில் மட்டும் யூரியா கூடிப்போனது. அது வீட்டில் நடந்த தவறு, அதனால் இந்தப் பாத்தியின் இந்த வருடக் கணக்கைத் தள்ளிவிட வேண்டும் என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகம் இறுகிப்போயிருந்தது.

குழுத் தலைவர் பாதையோரப் பச்சையையும் உள்ளே இருந்த மஞ்சளையும் பார்த்தார். "கொஞ்சம் யூரியாவுக்கே இவ்வளவா? அப்படி எவ்வளவு போட்டுட்டாங்க? யார் போட்டது?"

மண் டாக்டர் தயங்கினாள். அக்கா இடுப்பைப் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

"நான்தான். செடிக்கு ரெண்டு விரல்ல அள்ளின அளவு. தெரியாமப் போட்டேன். நீங்க மூட்டை மூட்டையாப் போடுறீங்க."

குழுவில் நாலைந்து பேர் கால்வாய்ப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு எந்த முடிவும் ஆகவில்லை. மொத்தக் கால்வாய்க்கும் இப்போது வேண்டாம், இன்னும் ஒரு போகம் பார்ப்போம் என்று எழுந்தார்கள். மண் டாக்டருக்கு ஒரு வருடம் போயிற்று. மூடிக்கு ஒரு வருடம் கிடைத்தது. அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் பெட்டி கழுவப் போனார். கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருந்த சிலர் மட்டும் பின்தங்கி நின்று, தங்கள் வயலில் ஆளுக்கு ஒரு துண்டு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். விதைப்பது எப்படி, உழாத மண்ணில் விதை இறங்குமா என்றார்கள்.

"அதுக்குன்னு விதைக்கிற மெஷின் இருக்கு," என்றாள் மண் டாக்டர். "தாளைக் கிழிச்சுக்கிட்டு விதையை உள்ள இறக்கும். எந்த டிராக்டர்லயும் மாட்டலாம்."

சற்றுத் தள்ளி இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்த டிராக்டர்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் டிராக்டர்லயுமா?"

"மாட்டலாம்ணே. வாடகைக்கே ஓட்டலாம்."

அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா," என்றார், "இதை மூணு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"